குத்ரத் தின்ற குக்கூ

என் தங்கை ஃபரங்கீஸின் முன்பற்கள் இரண்டையும் உடைத்தவன் வேறு யாருமில்லை, அவளைக் கட்டிய குத்ரத்தான். உடைத்ததோடு விட்டானா? அவள் என் வீட்டுக்கு ஓடி வந்து விவாகரத்துக்கு மனுப் போட்டிருக்கிறாள் என்று தெரிந்ததும், தெற்குத் தெஹ்ரானில் எங்கள் சந்தை ஓரத்து டீக்கடையில், நாலு பேர் முன்னால் மீசையைத் தொட்டுச் சத்தியம் செய்திருக்கிறான். வருஷம் மாறுவதற்குள் அவளை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போவானாம். வரமாட்டேன் என்றால் நின்ற இடத்திலேயே அறுத்துப் போடுவானாம். சத்தியம் செய்கிற மூஞ்சியைப் பார்! பெண்டாட்டியை அடிக்கிறதைத் தவிர வேறு வேலை வெட்டி இல்லாத பயல், அவனுக்கு மீசை ஒரு கேடு.

வருஷம் மாறுகிற நாளும் வந்துவிட்டது. எங்கள் வருஷம் வசந்தம் பிறக்கிற நொடியில் மாறும், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நேரம். அந்த முறை பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால் மாறும் என்று டிவியில் காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஹெதாயத் லாரியோடு தெற்கே துறைமுகத்தில் சரக்குக்காகக் காத்துக் கிடந்தார். வீட்டில் நானும் ஃபரங்கீஸும்தான். எங்கள் சமையலறை மூலையில் ஒரு கதவு உண்டு. திறந்து படியிறங்கினால் நிலவறை. உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது. ஆள் அரவம் கேட்டால் அவள் அதற்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு.

எனக்கு அன்றைக்கு அடுப்புப் பக்கம் போகவே மனசில்லை. கீரையில் முட்டை ஊற்றிப் பொரிக்கிற குக்கூ வேண்டும் என்று ஃபரங்கீஸ்தான் பிடிவாதம் பிடித்தாள்.

“வருஷம் மாறுற நாளும் அதுவுமா குக்கூ இல்லாத வீடா? அவனுக்குப் பயந்து பட்டினி கெடக்கச் சொல்றியா?”

“பல்லு போன வாய்க்குக் குக்கூ கேக்குதோ?”

“அவனைக் கடிக்கத்தான் பல்லு வேணும். குக்கூவுக்கு எதுக்குக்கா?”

இப்படிப் பேசுகிறவளை என்ன செய்ய? சந்தைக்குப் போய் முந்தானை கொள்ளாமல் கீரை வாங்கி வந்தேன். முந்தானை என்றால் எங்கள் ஊரில் சாதோர்தான், தலையிலிருந்து கால் வரைக்கும் மூடுகிற துணி. அதன் மடியில்தான் அள்ளி வந்தேன். கொத்தமல்லி, பார்ஸ்லி, சதகுப்பைக் கீரை, கொஞ்சம் வெந்தயக் கீரை, பூண்டு வாசம் அடிக்கிற மெல்லிய வெங்காயத்தாள். அலசி, துணியில் பரப்பி, ஈரம் போக உலர்த்தினேன். ஈரம் நின்றுவிட்டால் குக்கூ சொதசொதவென்று போய்விடும். பிறகு பலகையைப் போட்டுக்கொண்டு பெரிய கத்தியால் கொத்த உட்கார்ந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தி பலகையில் இறங்கிய சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

“மெதுவாக்கா, பலகை பொளந்துடப் போவுது. யாரு கழுத்துன்னு நெனச்சு வெட்டற?”

“உன் மாமியா பெத்த மகராசன் கழுத்து.”

“அப்ப இன்னும் பொடியா வெட்டு” என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். உதடு பிளந்து ரத்தம் கசிந்ததும் அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். தூக்கி வளர்த்த பிள்ளை அவள்.

குக்கூவுக்குக் கீரைதான் எல்லாம். அதை ஒட்டவைக்கிற அளவுக்கு முட்டை இருந்தால் போதும். கிண்ணத்தை என் கையிலிருந்து ஃபரங்கீஸ் பிடுங்கிக்கொண்டாள். “கலக்கறது என் பாடு. நீ பொரிச்சாப் போதும்” என்று சொல்லிவிட்டு நிலவறைக்குக் கொண்டுபோனாள். முட்டையை உடைத்து, மஞ்சள் தூவி, அக்ரூட்டை நசுக்கிப் போட்டு, புளிப்புச் சிவப்புப் பழத்தையும் சேர்த்து, கரும்பச்சையாகக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். நான் வாணலியில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, கலவையைப் பரப்பி, மூடி போட்டுத் தீயைத் தணித்தேன். அடி பிடித்ததும் கத்தியால் முக்கோணத் துண்டுகளாக வகிர்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டேன். முதல் ஈடு இறங்கியது. இரண்டாவது ஈட்டுக்கு இன்னும் எண்ணெய் விட்டு மிச்சத்தையும் ஊற்றினேன்.

வாசனை மதிலைத் தாண்டிவிட்டது. பக்கத்து வீட்டு அக்தஸின் மருமகள் நிறைமாசம். நம் வீட்டு வாசனை பிள்ளைத்தாச்சி மூக்குக்குப் போனால் நம் வீட்டுத் தட்டும் பின்னாலேயே போக வேண்டும், எங்கள் சந்தில் அதற்கு மறுபேச்சே கிடையாது. ஃபரங்கீஸை உள்ளே போய்த் தாழ் போடச் சொன்னேன். நாலு துண்டு குக்கூவையும் கடையில் வாங்கின ரொட்டியையும் தட்டில் வைத்துக்கொண்டு தெருக்கதவைத் திறந்தேன்.

வாசலில் குத்ரத் நின்றுகொண்டிருந்தான். கோட்டுக்குள், அக்குளில், செய்தித்தாள் சுற்றிய பட்டாக்கத்தி. பிடி மட்டும் வெளியே தெரிந்தது.

“அடடே, குத்ரத்தா! வாங்க வாங்க. வெளியிலயே நிக்கிறீங்களே. உள்ள வந்து ரெண்டு வாய் சாப்பிட்டுப் போங்க” என்றது என் நாக்கு.

நாசமாய்ப் போன நாக்கு! எங்கள் ஊரில் வாசலில் நிற்பவன் உயிரெடுக்க வந்தவனாக இருந்தாலும் நாக்கு அவனை உள்ளே கூப்பிட்டுவிடும். மூளை பிறகுதான் வந்து சேரும். அவன் நாக்கும் இதே ஊரில் வளர்ந்ததுதானே.

“இல்லக்கா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்? இப்பதான் சாப்பிட்டேன்” என்றான். அக்குளில் கத்தியை இடுக்கிக்கொண்டு!

“ஒரு வாய்க்கு என்ன சிரமம்?”

“உங்க கை நோவாம இருக்கட்டும்க்கா” என்று பணிவாகச் சொன்னவன், அதே மூச்சில், “அவ எங்க?” என்றான்.

“இங்க இல்ல.”

நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினான் பாருங்கள், தட்டோடு முற்றத்துத் தொட்டி மேல் போய் விழுந்தேன். தட்டை மட்டும் எப்படியோ விடவில்லை. தெருக்கதவை உதைத்துச் சாத்திவிட்டுக் கூடத்துக்குள் நுழைந்தான். செய்தித்தாளைக் கிழித்து எறிந்தான். புது வருஷத்துக்கு மங்கலப் பொருள்கள் அடுக்கி நான் விரித்து வைத்திருந்த விரிப்பை ஒரே உதையில் கவிழ்த்தான். கண்ணாடி உடைந்தது, வினிகர் கொட்டியது. மீன் கிண்ணம் சுவரில் பட்டு நொறுங்கியது. சிவப்பு மீன்கள் கம்பளத்தில் துள்ளின. வேண்டுமென்றே ஒன்றைப் பூட்ஸால் நசுக்கினான் அந்தப் படுபாவி. அலமாரியைத் திறந்து துணிகளைக் கத்தியால் குத்திப் பார்த்தான். மெத்தையைக் கிழித்தான். பிறகு சமையலறைக்கு வந்து மூலைக்கதவைப் பார்த்தான்.

“உள்ளதான் இருக்கா” என்று சொல்லிவிட்டு உதைத்தான். கதவு அதிர்ந்தது. பழைய மரம், அதிகம் தாங்காது.

போலீசைக் கூப்பிடு என்று கத்தியிருந்தால் அடுத்த உதையிலேயே உடைத்திருப்பான். அப்போதுதான் கையில் இருந்த தட்டைப் பார்த்தேன். யா அலி, உப்பு!

குத்ரத்துக்கு ஊரில் ஒரே ஒரு நல்ல பெயர் உண்டு. ஒரு வீட்டு உப்பைத் தின்றுவிட்டால் அந்த வீட்டின் மேல் கை வைக்க மாட்டான். ஒரு தடவை கசாப்புக்கடைக்காரன் ஒருவனின் முகத்தைக் கிழிக்கப் போனவன், பேச்சு வாக்கில் அவன் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்துத் தின்றுவிட்டான். தின்றது உறைத்ததும் கத்தியை உறையில் போட்டு, அவன் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு வந்துவிட்டானாம். டீக்கடையில் இதைச் சொல்லிச் சொல்லித்தான் அவனை ஆம்பிளை ஆக்கி வைத்திருந்தார்கள். ஒரு வாய் போதும். ஒரு வாய் இவன் தொண்டையில் இறங்கிவிட்டால் என் தங்கை பிழைத்தாள்.

“குத்ரத்! வந்தவங்க வெறும் வாயோட போகக் கூடாது. சாப்பிட்டுட்டு என்ன வேணா பண்ணு.”

திரும்பிப் பார்த்துப் பல்லை இளித்தான். “உப்பைப் போட்டு என்னைக் கட்டிப்போடப் பாக்கறியாக்கா? நான் என்ன பச்சப் புள்ளயா?”

அந்த நேரம் பார்த்து மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அக்தஸ் குரல் கொடுத்தாள். “தூபா! என்னடி சத்தம்?”

எனக்கு ரோஷம் பொங்கியது. சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். “ஒண்ணுமில்ல அக்தஸ்! குத்ரத் வந்திருக்காரு! நாள் கெழமையில நம்ம வீட்டுச் சாப்பாடு அவருக்கு ஆகலையாம்! ஒரு துண்டு குக்கூவைப் பாத்து மீசைக்காரருக்குக் கை காலெல்லாம் நடுங்குதாம்!”

எங்கோ ஒரு வீட்டில் யாரோ சிரித்தார்கள். குத்ரத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. அடி வாங்கினாலும் பொறுத்துக்கொள்வான், சந்து சிரித்தால் பொறுக்க மாட்டான். என் கையிலிருந்து தட்டைப் பிடுங்கி மேடையில் வைத்தான். கத்தியை விடாமலே ரொட்டியைக் கிழித்து, இரண்டு துண்டை அதற்குள் சுருட்டி, பாதியை ஒரே வாயில் அடைத்தான். என்னை முறைத்துக்கொண்டே மென்றான், விழுங்கினான்.

மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடவுளே, உனக்குக் கோடிப் புண்ணியம் என்று மனசுக்குள் அழுதேன். அடுப்பில் இரண்டாவது ஈடு கருக ஆரம்பித்திருந்தது. அணைக்கக்கூடத் தோன்றவில்லை. அவன் கத்தியை மேடை மேல் வைத்தான். மீதிப் பாதியையும் வாயில் போட்டான்.

போட்டவன் மெல்வதை நிறுத்தினான். நாக்கால் துழாவினான். திரும்ப மெதுவாக மென்றான். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

“அக்கா” என்றான். “இதுல உப்பே இல்ல.”

நான் தட்டில் கிடந்த துண்டைப் பிய்த்து வாயில் போட்டேன். கீரை இருந்தது, முட்டை இருந்தது, புளிப்பு இருந்தது. உப்பு இல்லை. ஒரு கல் உப்புக்கூட இல்லை.

குத்ரத் தொடையைத் தட்டிச் சிரித்தான். “அக்தஸ் அக்கா! கேட்டுக்குங்க! வயிறு நெறையத் தின்னேன்! உப்பில்லாததைத் தின்னேன்! அந்த ஆண்டவனே என் கட்டை அவுத்து விட்டுட்டான்!” என்று மதிலைப் பார்த்துக் கூவிவிட்டுக் கத்தியை எடுத்தான்.

நான் பாய்ந்து அவன் மணிக்கட்டைக் கடித்தேன். எலும்பு பல்லில் தட்டுப்பட்டது. மறு கையால் என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான். ஒருமுறை, இரண்டுமுறை. காதுக்குள் ஓ என்று இரைந்தது. விடவில்லை நான். கத்தி என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இறங்கியது. வலிக்கவில்லை, சூடாக மட்டும் இருந்தது. வயிற்றில் உதைத்தான். தரையில் சுருண்டு விழுந்தேன். வாயில் என் ரத்தமும் அவன் ரத்தமும் கலந்து கிடந்தன.

“வெளிய வாடி! உன் அக்காளை அறுத்தாத்தான் வருவியா?” என்று கத்திக்கொண்டு மூலைக்கதவை நோக்கிக் காலை ஓங்கினான்.

உதை விழுவதற்கு முன்னால் தாழ்ப்பாள் விலகிக் கதவு தானே திறந்துகொண்டது. உதைக்கப் போன வேகத்தில் அவன் தடுமாறிக் கதவு நிலையைப் பிடித்தான். ஃபரங்கீஸ் அவனைத் தாண்டி வெளியே வந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராக அடுப்புக்குப் போனாள். கைப்பிடித் துணிகூட இல்லாமல் வாணலியின் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கி, திரும்பி, கொதிக்கிற எண்ணெயும் கருகின குக்கூவுமாக அவன் மூஞ்சியில் கொட்டினாள்.

அந்த அலறல் எப்படி இருந்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. கத்தி கீழே விழுந்தது. நான் படுத்த வாக்கிலேயே அதைக் காலால் தள்ளி அடுப்புக்குக் கீழே விட்டேன். அவன் இரண்டு கையாலும் முகத்தை வழித்தான். கீரையோடு தோலும் வந்தது. ஃபரங்கீஸ் வெறும் வாணலியைத் தலைக்கு மேல் தூக்கி இறக்கினாள். மறுபடி இறக்கினாள். விழுந்தவன் கண் தெரியாமல் துழாவி அவள் கணுக்காலைப் பிடித்துவிட்டான். அவளும் விழுந்தாள். அவள் மேல் ஏறித் தொண்டையை நெரித்தான். அவள் கை தரையில் தேடியது. கீரை கொத்தின பலகை மேடை ஓரத்தில் இருந்தது. நான் ஊர்ந்து போய் அதைத் தட்டிவிட்டேன். பலகை விழுந்தது, கூடவே கீரை கொத்தின பெரிய கத்தியும் விழுந்தது. ஃபரங்கீஸ் அதை எடுத்து அவன் தோளுக்குக் கீழே இறக்கினாள். உருவி இன்னொரு தடவை இறக்கினாள். கை தளர்ந்து அவன் ஒருபக்கமாகச் சரிந்தான்.

கூடத்தில் டிவி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வருஷப் பிறப்புக்குப் போடுகிற பீரங்கி அதில் முழங்கியது. வருஷம் மாறிவிட்டது. ஒருத்தர் இனிமையான குரலில் எல்லோருக்கும் வாழ்த்துச் சொன்னார்.

குத்ரத்துக்கு உயிர் இருந்தது. முனகிக்கொண்டு கிடந்தான். நான் என் கைக்காயத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டேன்.

“பாவி நான்! உப்புப் பாக்க மறந்துட்டேனே! ஒரு கல்லு உப்பு நாக்குல பட்டிருந்தா இவ்வளவு ரத்தம் இல்லையே!”

ஃபரங்கீஸ் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். உள்ளங்கை இரண்டும் வெந்து போயிருந்தன.

“நீ எங்கக்கா மறந்த? கலக்கினது நானு. வேணும்னேதான் போடல.”

“என்னடி சொல்ற?”

“இன்னிக்கு அவன் வருவான்னு தெரியும். வந்தா நீ சாப்பிடச் சொல்லுவ. உன் நாக்கு எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுமா? உப்பு உன்னைக் காப்பாத்தியிருக்குமேடி!”

“உன்னைக் காப்பாத்தியிருக்கும்க்கா. இவன் உப்பு என்னிக்கு எனக்குக் காவல் இருந்திச்சு? அப்பா வீட்டுக்கு நான் ஓடினப்பல்லாம் பின்னாடியே வந்து அழுதுகிட்டே தின்னான். அப்பா மேல ஒரு விரல் வெக்கல. தின்ன கையை அலம்பிட்டு என்னைப் புடிச்சு இழுத்துட்டுப் போனான். இன்னிக்கும் உன் கைக்கு முத்தம் குடுத்துட்டு என்னை இழுத்துட்டுப் போயிருப்பான். விருந்தாளி மேல எப்படிக் கை வெக்கறதுன்னு நீயும் பாத்துட்டு நின்னிருப்ப.”

நின்றிருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் கத்தியை மேடை மேல் வைத்தபோது நான் கடவுளுக்கு நன்றி சொன்னேனே தவிர, அடுத்து அவளை அவன் என்ன செய்வான் என்று யோசித்தேனா? யோசிக்கவே இல்லை.

அக்தஸ் சும்மா இருக்கவில்லை. என் குரலிலேயே புரிந்துகொண்டு போன் போட்டிருக்கிறாள். வண்டிகள் வந்தன. குத்ரத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு கண் போனது நிச்சயம், பிழைப்பானா என்று சொல்ல முடியாது என்றார்கள். சிகரெட் பிடித்து மீசை பழுத்துப் போன போலீஸ் அதிகாரி ஒருவர் சமையலறை வாசலில் நின்று, கால் வைக்க இடம் தேடியபடி கேட்டார்.

“யாரு பண்ணது இது?”

“நான்தான் சார்” என்றேன். முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். என் கையில் அவன் வெட்டின காயம் இருக்கிறது, தலை உடைந்திருக்கிறது. தற்காப்பு என்றால் என்னைத்தான் நம்புவார்கள். அவன் சாக நேர்ந்தால் அவளுக்குத் தூக்குக் கயிறு வரைக்கும் போகும். “எண்ணெய ஊத்தினது நானு. குத்தினதும் நானு. இந்தப் பொண்ணு உள்ள இருந்தா, ஒண்ணும் தெரியாது.”

“அவ பொய் சொல்றா சார்” என்றாள் ஃபரங்கீஸ்.

அவள் விலாவில் இடித்தேன். “வாயை மூடுடி சனியனே. உன் கழுத்துக்குச் சுருக்கு வரும்டி.”

அவள் என்னைப் பார்த்தாள். பல்லில்லாத வாயிலிருந்து காற்றோடு வார்த்தை வந்தது.

“பல்லு எப்படிப் போச்சு, கை எப்படி ஒடைஞ்சிச்சுன்னு இதே சட்டை போட்டவங்க வந்து கேட்டப்பல்லாம், படியில விழுந்தேன், கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொன்னேன். அவனுக்காக நான் சொன்ன பொய் போதும்க்கா. எனக்காக நீ ஒண்ணு சொல்லாத.” பிறகு அதிகாரி பக்கம் திரும்பி, வெந்த கைகளை விரித்துக் காட்டினாள். “நான்தான் சார் பண்ணேன். இந்தக் கையாலதான். முழுசா சொல்றேன், எழுதிக்குங்க.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதிகாரி நிஜமா என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினேன். ஃபரங்கீஸ் எரிந்துகொண்டிருந்த அடுப்பின் திருகை முழங்கையால் தள்ளி அணைத்தாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, அவருக்கு முன்னால் நடந்தாள்.